பெயிலானவள் சொன்ன விடை

சோணைமுத்து அந்தப் பொய்யைச் சாயல்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்துச் சொன்னார். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் போன். அந்தப் பக்கம் மகள் பூங்கோதை, "இல்லைய்யா, இந்தத் தடவையும் போயிருச்சு" என்று அழுதுகொண்டிருக்கிறாள். இவர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களிடம், "பாஸாயிருச்சாம்ப்பா எம்புள்ள" என்கிறார். அது அவள் காதிலும் விழுந்தது. அழுகையை விட்டுவிட்டு, "அய்யா, என்ன சொல்றீக?" என்றாள். "நல்லது தாயி, நல்லது தாயி" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

மனுஷனைச் சும்மா விடக் கூடாதுதான். ஆனால் அவர் பாட்டையும் பார்க்க வேண்டும். மிளகாய்க் காட்டில் மகசூல் பார்த்து வாழ்கிற சம்சாரி, பெற்ற ஒரே மகளை கிர்கிஸ்தான் என்கிற, தன் வாயில் ஒழுங்காக நுழையாத தேசத்துக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார். ஆறு வருஷம் பனியில் கிடந்து படித்துவிட்டு வந்தாள். வந்தவுடன் போர்டு மாட்டிவிடலாம் என்று நினைத்திருந்த ஊருக்கு அப்புறம்தான் தெரிந்தது, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு பரீட்சை எழுத வேண்டும், அதில் தேறினால்தான் வைத்தியம் பார்க்கவே விடுவார்கள் என்று. அதிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை ஊரே சோணைமுத்துவிடம், "என்னப்பா, பாப்பா பாஸா?" என்று கேட்டது. பெரியவர் கேட்டார், சின்னவன் கேட்டான், கோழி முட்டை வாங்க வந்தவன்கூடக் கேட்டான். மூன்று தடவை தலையைக் குனிந்தவர் நாலாவது தடவை குனிய மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பரீட்சையின் கொடுமை பூங்கோதைக்குத்தான் தெரியும். முந்நூறு கேள்வி. பாதி சரியாக இருந்தால் டாக்டர், ஒன்று குறைந்தாலும் ஒன்றுமில்லை. கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான் வரும்: இத்தனை வயதுக்காரர், இன்ன தொந்தரவோடு வருகிறார், அடுத்து நீ செய்ய வேண்டியது என்ன? கீழே நாலு விடை. நாலுமே சரி போலத்தான் இருக்கும். எழுதி முடித்து வெளியே வந்தால் கேள்வித்தாளும் கிடையாது, எது தப்பு என்று சொல்லவும் ஆள் கிடையாது. ஒரு நாள் வெறும் எண்ணாக மார்க் வரும். அந்த எண்ணைப் பார்த்துத் தன்னிடம் என்ன குறை என்று அவளாகவே யூகித்துக்கொள்ள வேண்டும். அவள் மாடி அறையில் போனும் கையுமாகக் கிடந்தாள். வகுப்பு வீடியோக்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக் கேட்டு, சாதாரணமாகப் பேசுகிறவர்கள் எல்லாம் இழுத்து இழுத்துப் பேசுவதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

பொய்யோடு போயிருந்தால் பரவாயில்லை. சோணைமுத்து குலசாமிக்கு ஏற்கெனவே நேர்ந்திருந்தார், மகள் பாஸானால் மாசிக் களரியில் கிடா வெட்டுவதாக. மாசி மாதம் சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயிலில் கூடி, ராத்திரி சாமி கும்பிட்டு, கறிச்சோறு தின்று, அங்கேயே படுத்து எழுந்து வருவதுதான் களரி. பாஸான சேதி பரவியதும் பங்காளிகள் விடுவார்களா? "சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப் போடாத சோணை" என்று நெருக்கினார்கள். பொய் சொன்னவர் இப்போது கிடாவும் வாங்க வேண்டியதாயிற்று.

"அய்யா, பாஸாகாம எதுக்குக் கிடா?" என்று பூங்கோதை கேட்டாள்.

"முன்னக்கூட்டியே குடுத்துட்டா அடுத்த தடவ சாமிக்கு வேற வழி கிடையாது, பாஸாக்கித்தான் ஆகணும்" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

ஊர் முக்கில் பிளெக்ஸ் வந்தது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட பூங்கோதை, பக்கத்தில் கையெடுத்துக் கும்பிடும் சோணைமுத்து. அன்றையிலிருந்து வாசலில் ஆள் வர ஆரம்பித்தது. மூட்டு வலி, சர்க்கரை, காதில் சீழ், பிள்ளைக்குப் பேதி. பயந்தாங்கொள்ளிப் பெண் என்ன செய்வாள்? யார் எதைக் காட்டினாலும், "சாயல்குடி ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். வைத்தியம் பார்த்தால் போலி டாக்டர் என்று பிடித்துக்கொண்டு போவார்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் பரீட்சை எழுத முடியாது. ஊருக்கு அது தெரியாதே. "தும்மினாலும் சாயல்குடிக்குப் போங்குது, இருமினாலும் சாயல்குடிக்குப் போங்குது. வழி காட்டுறதுக்கா ஆறு வருசம் படிச்சுச்சு?" என்று சிரித்தார்கள். பெரியம்மா பூமயில் இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். அவள் சோணைமுத்துவின் அண்ணன் பெண்டாட்டி. வாய் நீளம்.

பூமயிலின் மருமகள் மதுமதி மட்டும்தான் ஒரு வியாதியும் சொல்லாமல் மாடிக்கு வருவாள். திருவாடானைப் பக்கம் பிறந்தவள், பூமயில் மகன் மருதுபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். பூங்கோதைக்கு மதினி முறை என்றாலும் வயது ஒன்றுதான். புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக் கேள்வி கேட்பாள், பூங்கோதை விடை சொல்ல வேண்டும். மதுமதிக்கு ஒரு எழவும் புரியாது. ஆனால் பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "ரைட்டு" என்று சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "எனக்கு மட்டும் தெரியும்ல, நீ பெயிலுன்னு" என்றாள் ஒரு நாள். பூங்கோதைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாஸானவ எதுக்குப் புள்ள இம்புட்டு அழுதுக்கிட்டுப் படிக்கப் போறா? நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் சொல்லவும் இல்லை.

களரி வந்தது. ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரை தாண்டிப் பனங்காட்டுக்குள் கோயில். பூங்கோதைக்கு மாலை போட்டு முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி விபூதியை அள்ளி நெற்றி நிறைய அப்பிவிட்டார். கிடா விழுந்தது, கறி வெந்தது, எல்லாரும் வயிறு முட்டத் தின்றார்கள். பெண்கள் மணலில் பாயை விரித்துப் படுத்தார்கள். பூங்கோதை சேலைக்குள் போனை மறைத்து வைத்துக்கொண்டு கேள்விகளைப் போட்டுப் பார்த்தாள். அது சார்ஜ் தீர்ந்து அணைந்த பிறகுதான் கண்ணை மூடினாள்.

வெளிச்சம் வருகிற நேரத்தில் மதுமதிக்கு வயிற்று வலி. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பூமயில் சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள். "கறி செரிக்கல" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பூங்கோதை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது மதுமதி அரைக்கண்ணில் பார்த்தாள்.

"கண்ண நல்லாத் திற மதினி."

"தொறக்க முடியல புள்ள. தூக்கமா வருது." குரல் மூக்கால் பேசுவது போல வந்தது. சோடாவைக் குடிக்கக் கொடுத்தார்கள். விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது.

பூங்கோதை சோடாவைத் தள்ளி வைக்கச் சொன்னாள். இந்தக் கேள்வியை அவள் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள்! தரையில் படுத்துத் தூங்கியவர், விடியலில் வயிற்று வலி, இமை சரிகிறது, விழுங்க முடியவில்லை. மதுமதியின் காலை, கையை, கழுத்தை, முடிக்குள் எல்லாம் தேடினாள். ஒரு கீறல் இல்லை. இருக்கவும் இருக்காது. கட்டுவிரியன் கடித்தால் வலியும் தெரியாது, பல் பட்ட இடமும் தெரியாது. உள்ளே ஒவ்வொரு தசையாகச் செத்துக்கொண்டே வந்து கடைசியில் மூச்சு நிற்கும். அதற்குள் விஷமுறிவு மருந்து ஏற்றி, மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். சாயல்குடிக்குப் போய், அங்கேயிருந்து ராமநாதபுரத்துக்குப் போய்விட்டால் போதும்.

எழுந்து ஓடினாள். பாத்திரம் ஏற்றி வந்த குட்டியானை வண்டி பனைமரத்தடியில் நின்றது. அது மருதுபாண்டியின் வண்டி. அவன் டிரைவர் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"அண்ணே, வண்டிய எடுங்க. மதினியப் பாம்பு கடிச்சிருக்கு. கட்டுவிரியன்."

அவன் பதறித்தான் எழுந்து வந்தான். அதையும் சொல்ல வேண்டும். வந்து பெண்டாட்டியைப் புரட்டிப் பார்த்தான். "கடிவாய் எங்க?" என்றான்.

"தெரியாதுண்ணே. இந்தப் பாம்பு கடிச்சாத் தெரியாது."

"வீங்கவே இல்லையே. எங்கய்யனக் கண்ணாடி விரியன் கடிச்சப்ப காலு பானையாட்டம் வீங்குச்சு. நாங்க பாம்பு பாக்காத ஆளுகளா?" பதற்றம் போய் அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இவளுக்கு இது வாடிக்கை. பொறந்த வீட்டுக்குப் போகணும்னு நேத்தே கேட்டா, முடியாதுன்னுட்டேன். அதான் வயித்து வலி. நடிப்பு. நடிச்சுக் கெடந்து சாகட்டும், நான் வண்டிய எடுக்க மாட்டேன்." மதுமதியின் தலைமாட்டில் நின்றுதான் இதைச் சொன்னான்.

பூமயில் ஈரக் கையோடு வந்தாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. "எதுக்குத்தா சாயல்குடி? டாக்டரு நீ இங்கன இருக்கேல்ல. ஒரு ஊசியப் போடு, சரியாப் போகும்."

"ஊசியெல்லாம் இல்ல பெரியம்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

"ஆமா, நீ என்னைக்கு வேற சொன்ன?" கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

சோணைமுத்து மகளின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப் போனார். அவர் கவலை அவருக்கு. தான் போட்ட கறிச்சோறைத் தின்று ஒருத்தி விழுந்து கிடக்கிறாள், டாக்டருக்குப் படித்த மகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். "தாயி, ஒன் பையில சத்து ஊசி கிடக்குல்ல? அதுல ஒண்ணப் போட்டு விடு. போட்டுட்டு, மேல பாக்கணும், வண்டிய எடுங்கன்னு சொல்லு, எடுப்பாக. எனக்கு இவுகளத் தெரியும்" என்று காதுக்குள் சொன்னார்.

அவர் சொன்னது சரி. அந்தக் காலை முழுக்க அந்த இடத்தில் பேசப்பட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். அந்தப் பொய்யோடு இன்னும் ஒரு பொய்யைச் சேர்த்திருந்தால் வண்டி கிளம்பியிருக்கும். ஆனால் பூங்கோதைக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்துவிட்டது. டீக்கடைப் பொய், பிளெக்ஸ், மாலை, விபூதி, வாசலில் வந்து நின்ற மூட்டு வலிகள், எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. அப்பன் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"நான் டாக்டரே இல்ல. நான் பாஸாகல. நாலு தடவையும் பெயிலு. எங்கய்யா ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டாரு. எனக்கு ஊசி போட அதிகாரம் கிடையாது. கும்புட்டுக் கேக்குறேன், வண்டிய எடுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. மாசக்கணக்காக ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது. ஒரு நொடிக்கு மதுமதியே அவள் ஞாபகத்தில் இல்லை.

கூட்டம் சோணைமுத்துவைப் பார்த்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டார். "பயத்துல ஒளறுது. பாஸுதான்" என்றார்.

பூமயில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாஸானவளா இருந்தா ஊசியப் போடு. பெயிலானவளா இருந்தா வாயை மூடு" என்றாள்.

அதோடு முடிந்தது. அதற்கப்புறம் பூங்கோதை சொன்னது எதுவும் எடுபடவில்லை. பெயிலான பிள்ளை பாம்பு என்கிறது, கறியில்தான் கோளாறு என்று ஊர் சொல்லும் என்று பயந்து அப்பனைக் காப்பாற்றப் பாம்புக் கதை கட்டுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். எல்லாருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. பூங்கோதை போன் கேட்டாள், யாரும் தரவில்லை. அப்பனிடம் கேட்டாள். "களரிக்கு ஆம்புலன்ஸ் வந்தா ஊர்ல தல காட்ட முடியுமா?" என்று அவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் அந்தக் கையைக் கடித்துவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டு கண்மாய்க்கரைக்கு ஓடினாள். அங்கே ஏறினால்தான் சிக்னல்.

பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது மதுமதி அசையாமல் கிடந்தாள். இமை இரண்டும் மூடிவிட்டது. "பாத்தியா, அசந்து தூங்குறா" என்றாள் பூமயில். பூங்கோதை மூக்கருகில் விரலை வைத்தாள். மூச்சு நூல் போல வந்து நின்றது. மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருந்தது, நன்றாகவே துடித்தது. மதுமதியின் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். நெஞ்சு எழும்பியது. இன்னும் ஊதினாள். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

விட்டார்களா? பூமயில் அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். "அய்யய்யோ, செத்துட்டாளா? செத்தவ வாயில வாய வக்கிறியே, சாமி வாசல்ல என்ன கேவலமடி இது" என்று மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். "சாகல பெரியம்மா, விடுங்க, இன்னும் சாகல" என்று பூங்கோதை கத்தினாள். நாலு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்கித் தள்ளி வைத்தார்கள். மருதுபாண்டி வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தபடி நின்றான். ஒப்பாரி தொடங்கிய பிறகுதான் நாடி நின்றிருக்கும்.

ஆம்புலன்ஸ் தாமதமாக வரவில்லை. தாமதமெல்லாம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. வந்த ஆள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "டாக்டர் யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுப்பார்கள் என்று பயந்து உடம்பைக் கொடுக்காமல், கறி ஒத்துக்காமல் நெஞ்சை அடைத்துவிட்டது என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

பூங்கோதை அதற்கப்புறம் மாடியை விட்டு இறங்கவில்லை. வெறி பிடித்தவள் போலப் படித்தாள். யாரும் இப்போது வைத்தியம் கேட்டு வரவில்லை. பிளெக்ஸை யாரோ கிழித்துவிட்டார்கள். அப்பனும் மகளும் பேசிக்கொள்வதில்லை, சோற்றை வைத்துவிட்டுப் போவதோடு சரி. ஆனி மாதம் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். முகத்தைப் படம் பிடித்து, விரல் ரேகையை எடுத்து, உள்ளே விட்டார்கள். முந்நூறு கேள்வியில் பாம்புக்கடி பற்றி ஒன்றுகூட வரவில்லை.

பாஸானாள். தாராளமாக, முப்பது மார்க் கூடுதலாக வாங்கிப் பாஸானாள். இந்தத் தடவை சோணைமுத்து டீக்கடைக்குப் போய்ச் சொன்னபோது பெஞ்சிலிருந்தவர்கள், "இது எத்தனாவது பாஸு?" என்று கேட்டார்கள். அவர் கோபப்படவில்லை. டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

சேதி கேட்டு மருதுபாண்டி மட்டும் வீட்டுக்கு வந்தான். தாடி வளர்ந்து, ஆளே கறுத்து வற்றியிருந்தான். சோணைமுத்து நாற்காலியை எடுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. பூங்கோதை மாடிப்படியில் பாதி இறங்கி அங்கேயே நின்றாள்.

"நெசமாவே பாஸா?" என்று கேட்டான்.

அவள் போனில் மார்க்கைக் காட்டினாள். அவனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தான். "அப்ப இனி நீ சொல்றது செல்லும்."

"செல்லும்ணே."

"சொல்லு. அன்னைக்கு என்ன?"

"கட்டுவிரியன்தான்."

அவன் தலையை ஆட்டினான். இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான் போல. "வண்டிய எடுத்திருந்தா?"

"பொழச்சிருக்கும்."

அதற்கும் தலையை ஆட்டினான். போகத் திரும்பியவன் நின்றான். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். "இன்னும் ஒண்ணு கேக்கணும் தாயி. அவ கண்ண மூடிக்கிட்டு அசையாமக் கெடந்தாள்ல. அம்புட்டு நேரமும் நாங்க பேசுனது, நான் அவ தலமாட்டுல நின்னு பேசுனது, அதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்குமா?"

சோணைமுத்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று தலையை ஆட்டினார். இல்லை என்று சொல்ல என்ன கஷ்டம்? ஒரு வார்த்தை. அவன் வீட்டுக்குப் போய் ஒரு வாய்ச் சோறு தின்பான். பூங்கோதைக்கு அது தெரிந்தேயிருந்தது. ஆனால் அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் குட்டியானை வண்டி பனைமரத்தடியில் நின்றுகொண்டேயிருந்தது. அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு இருந்தது. அதை அவள் இத்தனை மாதமும் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருக்கும்ணே," என்றாள். "அந்த விஷம் ஒடம்பத்தான் கட்டிப்போடும். அறிவு தெளிவாத்தான் இருக்கும். நீங்க பேசுனது, நாங்க அழுதது, பெரியம்மா ஒப்பாரி வச்சது எல்லாமே கேட்டிருக்கும். சாகலன்னு சொல்ல வாய் அசையாது, அவ்வளவுதான்."

சொன்ன கையோடு அவளுக்கு நெஞ்சு லேசானது. களரியன்றைக்குக் கூட்டத்துக்கு நடுவில் நின்றபோது லேசானது போலவே. அதை உணர்ந்ததும் அவளுக்கே உடம்பு கூசியது, படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மருதுபாண்டி அழவில்லை. கழற்றிய பொத்தானை மாட்டிக்கொண்டான். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல், "நல்லாப் படிச்சிருக்க தாயி" என்று சொல்லிவிட்டுப் போனான்.